ஒற்றிக்கு வட்டி எத்தனை? குமரி மாவட்டக் கல்லூரிகளின் வணிகவியல் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டத்துக் கலை, அறிவியல் கல்லூரிகளின் வணிகவியல் துறைத் தலைவர்களுக்கும், பாடத்திட்டக் குழுக்களில் இடம்பெற்றுள்ள பேராசிரியப் பெருமக்களுக்கும்,

வணக்கம்.

பொதுத்துறை வங்கி ஒன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி, அதில் பெரும்பகுதியைத் தக்கலை, குலசேகரம், குளச்சல் வட்டாரக் கிளைகளில் கழித்து ஓய்வுபெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு, அழைக்கும் கல்லூரிகளுக்குச் சென்று வங்கியியல், நிதி மேலாண்மை, முதலீடு ஆகிய பாடங்களைப் பயிலும் மாணவர்களிடம் உரையாடி வருகிறேன். சென்ற ஆண்டு அவ்வாறு ஓர் இறுதியாண்டு வகுப்பில் நான் கேட்ட எளிய கேள்வியே இம்மடலுக்குக் காரணம்.

"ஒருவர் தம் வீட்டை ஐந்து லட்சம் ரூபாய்க்கு ஒற்றிக்குக் கொடுத்திருக்கிறார்; அந்தப் பணத்தைத் திருப்பித் தரும்வரை ஒற்றி பிடித்தவர் வாடகையின்றி அதில் குடியிருப்பார். அதே வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் மாதம் ஐயாயிரம் ரூபாய் கிடைத்திருக்கும். அப்படியானால் அவர் எத்தனை விழுக்காடு வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறார்?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. "ஒற்றிக்கு வட்டியே கிடையாது சார்" என்று முன்வரிசையிலிருந்து பதில் வந்தது. சற்று நேரம் கழித்துப் பின்வரிசை மாணவி ஒருவர் "பன்னிரண்டு" என்றார். எப்படிக் கண்டாய் என்று கேட்டபோது, தாங்கள் ஒற்றி வீட்டில்தான் குடியிருப்பதாகவும், கணக்குப் போட்டுப் பார்த்தபிறகே அம்மா அந்த வீட்டைப் பிடித்ததாகவும் சொன்னார். மூன்றாண்டுப் படிப்பு சொல்லித் தராத ஒன்றை அந்த அம்மா சொல்லிக் கொடுத்திருந்தார்.

அந்த மாணவர்களைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 58ஆம் பிரிவு அடமானத்தின் வகைகளை வரிசைப்படுத்துகிறது. அதன் (டி) உட்பிரிவில் வரும் 'யூசுஃப்ரக்சுவரி மார்ட்கேஜ்' என்ற பெயரை அவர்கள் எழுத்துப் பிழையின்றி எழுதுகிறார்கள்; இலக்கணத்தையும் ஒப்பிக்கிறார்கள். சொத்தைக் கடன் கொடுத்தவரின் அனுபவத்தில் விட்டு, அதன் வருமானத்தை வட்டிக்கு ஈடாக எடுத்துக்கொள்ளச் செய்யும் அந்த ஏற்பாடுதான் தங்கள் தெருவில் நடக்கும் ஒற்றி என்பதை மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்தடுத்த கேள்விகள் தாமாகவே எழுந்திருக்கும். ஐந்து லட்சத்தை ஏழு விழுக்காட்டு வைப்பில் போட்டால் ஆண்டுக்கு 35,000 ரூபாய் கிடைக்கும். ஒற்றி பிடித்தால் 60,000 ரூபாய் வாடகை மிச்சமாகும். இந்த 25,000 ரூபாய் வேறுபாடு எதற்கான விலை? அதே வீட்டின் மூலப்பத்திரம் ஏற்கெனவே ஒரு வங்கியில் ஈடாக இருந்து, கடன் வாராக்கடனாகி, 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி வீட்டை எடுத்துக்கொள்ள வந்தால், ஒற்றிக்காரரின் பணம் எந்த வரிசையில் நிற்கும்? நூறு ரூபாயும் அதற்கு மேலுமான கடனுக்கு இத்தகைய அடமானம் பதிவு செய்யப்பட்டு, இரண்டு சாட்சிகள் கையொப்பமிட்டிருக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 59ஆம் பிரிவு கூறும்போது, முத்திரைத்தாளில் எழுதி வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ளும் ஒப்பந்தத்துக்கு என்ன மதிப்பு? இடர், ஈட்டம், பிணை, முன்னுரிமை என்று நிதிப் பாடம் பேசும் அனைத்தும் இந்த ஒரு வீட்டுக்குள் அடங்கிவிடுகின்றன.

என் வேண்டுகோள் ஒன்றே. இம்மாவட்டத்தின் பணம் எந்த வழிகளில் புரள்கிறதோ அந்த வழிகளைக் கொண்டே நிதிப் பாடத்தைக் கற்பியுங்கள். வட்டி வீதத்தைத் தானாகக் கண்டுபிடிக்கத் தெரியாத எவருக்கும் வங்கியியல் தாளில் தேர்ச்சி வழங்காதீர்கள்.

முதலீட்டுத் திட்டங்களை மதிப்பிடும் பாடத்தை எடுத்துக்கொள்வோம். இயந்திரம் 'அ', இயந்திரம் 'ஆ' என்று இரண்டைக் காட்டி, எதை வாங்கலாம் என்று நிகர நிகழ்கால மதிப்பை, அதாவது வருங்கால வரவுகளின் இன்றைய மதிப்பிலிருந்து செலவைக் கழித்த தொகையை, கணக்கிடச் சொல்கிறது பாடநூல். அருமனையிலிருந்தும் திருவட்டாறிலிருந்தும் வரும் மாணவர் அந்த இயந்திரத்தை ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. ஆனால், அவர் வீட்டில் ரப்பர் நிற்கிறது. தமிழ்நாட்டின் ரப்பர் பரப்பில் பெரும்பகுதி இம்மாவட்டத்தில்தான் உள்ளது. கன்று நட்டு ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் உரம், களையெடுப்பு, காவல் என்று செலவு மட்டுமே. அதன்பின் பால்வெட்டு தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் வருமானம். முடிவில் மரத்தை வெட்டி விற்கும்போது ஒரு தொகை. வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் கழிவு வீதம் பத்து விழுக்காடு என்று கொண்டால், இன்று செலவிடும் ஒரு லட்சம் ரூபாய் ஏழாம் ஆண்டு முடிவில் ஏறத்தாழ 1,95,000 ரூபாயாகத் திரும்பினால்தான் செலவு ஈடாகும். தொடக்க ஆண்டுகளில் இடையே அன்னாசியோ வாழையோ போட்டால் இக்கணக்கு எப்படி மாறும், பாலை உறையவைத்துத் தகடாக அடிக்கும் ஷீட்டின் விலை கிலோவுக்கு முப்பது ரூபாய் சரிந்தால் தோட்டம் தாங்குமா, ஷீட்டாக அடிக்காமல் பாலாகவே விற்பது ஆதாயமா என்றெல்லாம் ஒரு வகுப்பு இரண்டு வாரங்கள் விவாதிக்கலாம். அப்பாவிடம் கேட்டு எழுதிவரும் எண்களை வைத்துக் கணக்கிடும் மாணவருக்கு அந்தச் சூத்திரம் மறக்காது.

கடற்கரையில் வேறு கணக்கு. குளச்சலிலும் தூத்தூரிலும் கடலுக்குப் போகும் படகில், மீன் விற்ற தொகையிலிருந்து எரிபொருள், பனிக்கட்டி, உணவுச் செலவுகளைக் கழித்துவிட்டு மிஞ்சுவதையே உரிமையாளரும் தொழிலாளரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். முன்பணம் கொடுத்த வியாபாரியிடமே மீனைத் தர வேண்டும், அவர் சொல்லும் தரகையும் ஏற்க வேண்டும் என்ற இடங்களில், வட்டி என்ற பெயரே இல்லாமல் வட்டி வசூலாகிறது. சந்தை விலைக்கும் அவர் தந்த விலைக்கும் உள்ள வேறுபாட்டைப் பத்துப் பயணங்களுக்குக் குறித்துப் பார்த்தால் முன்பணத்தின் உண்மையான விலை தெரியும். கிளையில் இருந்தபோது இக்கணக்கைத் தாளில் போட்டுக் காட்டி, படகுக்கடனுக்கு மனுப் போடச் சொன்னதுண்டு. சிலர் போட்டார்கள், கடலில் திடீரென்று நாற்பதாயிரம் தேவைப்பட்டால் வங்கி இரவில் திறந்திருக்குமா என்று கேட்டுவிட்டு வியாபாரியிடமே திரும்பியவர்களும் உண்டு. அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. உடனடியாகக் கிடைக்கும் பணத்துக்குத் தனி விலை உண்டு என்பதையும் மாணவர் அறிய வேண்டும்.

நகைக்கடனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பணயம் வைக்காத வீடு இங்கே அரிது. ஆயினும் ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1க்குள் நடைமுறைப்படுத்துமாறு அறிவித்த விதிகள் நல்லதொரு தேர்வுக் கேள்விக்கு இடம் தருகின்றன. நுகர்வுத் தேவைக்கான கடன் இரண்டரை லட்சம் ரூபாய் வரை இருந்தால் நகை மதிப்பில் 85 விழுக்காடு, ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 என்பது வரம்பு. அசலையும் வட்டியையும் முடிவில் ஒரே தவணையாகக் கட்டும் கடனில், முதிர்வின்போது திரும்பச் செலுத்த வேண்டிய முழுத்தொகையும் அந்த வரம்புக்குள் அடங்க வேண்டும். அப்படியானால் ஒரு லட்சம் ரூபாய் மதிப்புள்ள நகைக்கு, ஓராண்டுக்குப் பத்து விழுக்காட்டில், கையில் எவ்வளவு கொடுக்கலாம்? 85,000 என்பவர் விதியைப் படித்தவர். 77,272 என்பவர் விதியைப் புரிந்துகொண்டவர். 'நகைக்கடனின் நன்மை தீமைகளை விவரி' என்ற பத்து மதிப்பெண் கேள்வி இவ்விருவரையும் பிரித்துக் காட்டாது.

இரு சக்கர வண்டிக் கடனும் அப்படியே. 60,000 ரூபாய்க்கு 'ஃபிளாட் 12 விழுக்காடு', அதாவது கட்டிய அசலைக் கழிக்காமல் முழுத்தொகைக்கும் வட்டி, என்று சொல்லி, இரண்டு ஆண்டுகளில் மாதம் 3,100 ரூபாய் வீதம் இருபத்துநான்கு தவணைகள் வாங்கினால், குறைந்துவரும் அசலின்மேல் உண்மையான ஆண்டு வட்டி ஏறத்தாழ 21.6 விழுக்காடு. எக்செல்லில் ஒரு வரியில் விடை வரும். மூன்றாம் ஆண்டு மாணவரில் எத்தனை பேர் அந்த ஒரு வரியை எழுதிப் பார்த்திருக்கிறார்கள் என்று ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

இந்த அறியாமைக்கு விலை கொடுத்த குடும்பம் ஒன்றை நான் நேரில் அறிவேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் பணிக்கொடையில் பாதியை 18 விழுக்காடு வட்டி தருவதாகச் சொன்ன தனியார் நிதி நிறுவனம் ஒன்றில் போட்டார். போடுமுன் வணிகவியலில் முதுகலை முடித்த மகனிடம் கேட்டார். "அதுவும் பேங்க் மாதிரிதான்" என்றார் மகன். பதினொரு மாதம் வட்டி வந்தது. பிறகு கதவில் பூட்டு தொங்கியது. வைப்பு வாங்க அனுமதி பெற்ற வங்கிசாரா நிதி நிறுவனங்களுக்கே 12.5 விழுக்காட்டுக்கு மேல் வட்டி தரக்கூடாது என்ற வரம்பு இருக்கிறது என்பதும், வங்கி வீழ்ந்தால் வைப்பாளருக்குப் பணம் தரும் வைப்புக் காப்பீடு வங்கிகளுக்கு மட்டுமே உரியது என்பதும் தெரிந்திருந்தால், 18 என்ற எண்ணே அந்த மகனுக்கு எச்சரிக்கையாகப் பட்டிருக்கும்.

வைப்புக் காப்பீட்டை வெறும் சட்டப் பிரிவாகக் கற்பிக்காமல் அதன் வரலாற்றோடு கற்பிக்கலாம். அது நம் பக்கத்து வரலாறு. இம்மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ச் சீமையோடு இருந்தது. அச்சீமையில் 1937இல் இரண்டு வங்கிகள் இணைந்து உருவான டிராவன்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி, மறு ஆண்டே பணம் கொடுக்க முடியாமல் நின்றது. 1960இல் பாலை சென்ட்ரல் வங்கி வீழ்ந்தது. அதன் அதிர்ச்சியைத் தொடர்ந்தே 1962 ஜனவரி 1 முதல் வைப்புக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. முதலில் 1,500 ரூபாயாக இருந்த வரம்பு, 1993இல் ஒரு லட்சமாகவும், 2020 பிப்ரவரியில் ஐந்து லட்சமாகவும் உயர்ந்தது. ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து, அவ்வளவே. வளைகுடாவிலிருந்து வரும் பணத்தை முழுவதும் ஒரே வங்கியில் குவித்து வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். ஊர் திரும்பிய பின்னும் வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்றாமல், வரி இல்லை என்று நம்பிக்கொண்டிருப்போரும் உண்டு. அவ்வீட்டுப் பிள்ளைகள் உங்கள் வகுப்பில்தான் அமர்ந்திருக்கிறார்கள்.

பங்குச் சந்தை பற்றியும் ஒரு சொல். முதலீட்டுப் பாடம் என்றால், பங்கின் விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டும் 'ஆப்ஷன்' ஒப்பந்தங்களைக் கைப்பேசியில் வாங்கி விற்பது என்ற எண்ணம் மாணவரிடையே வேரூன்றி வருகிறது. விடுதி அறைகளில் அது பேச்சல்ல, பழக்கமாகவே ஆகியிருக்கிறது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் 'ஃபியூச்சர்', 'ஆப்ஷன்' வணிகத்தில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர் என்றும், அவர்களது மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது என்றும் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் வாரியமான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. இந்த ஒரு பக்கத்தை முதல் வகுப்பில் படித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினால் போதும், அறிவுரை தேவையில்லை.

பாடத்திட்டம் மேலிருந்து வருகிறது, எங்கள் கையில் ஒன்றுமில்லை என்று நீங்கள் கூறலாம். அது முழு உண்மையன்று. பணத்தின் கால மதிப்பு, கடன் வகைகள், முதலீட்டு மதிப்பீடு ஆகிய அலகுகள் இப்போதே பாடத்தில் உள்ளன. மாற வேண்டியவை எடுத்துக்காட்டுகள் மட்டுமே. அக மதிப்பீட்டு மதிப்பெண்களும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. இறுதியாண்டுச் செயல்திட்ட அறிக்கையும் உங்கள் பொறுப்பே. 'வாடிக்கையாளர் மனநிறைவு' என்ற தலைப்பில், ஐம்பது பேரிடம் வினாநிரல் கொடுத்ததாக எழுதி, கணினிக் கடையில் முந்தைய ஆண்டின் அறிக்கையையே பெயர் மாற்றிக் கட்டடம் போட்டுத் தருவது நடப்பதை நாம் அனைவரும் அறிவோம். அதற்குப் பதிலாக ஒவ்வொரு மாணவரும் தம் ஊரில் ஓர் ஏலச்சீட்டையோ, ஒற்றியையோ, தோட்டத்தையோ, படகையோ எடுத்துக்கொண்டு, யார் யாருக்கு எவ்வளவு, எந்த மாதத்தில் கொடுத்தார் என்று அட்டவணையிட்டு, அதன் உண்மையான வட்டி வீதத்தைக் கண்டு, பத்துப் பக்கத்தில் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதட்டும். இருபது மாதச் சீட்டில் இரண்டாம் மாதமே தள்ளுபடி விட்டு ஏலம் எடுத்தவருக்கும் கடைசிவரை காத்திருந்தவருக்கும் வீதம் எவ்வாறு வேறுபடுகிறது என்று ஒரு மாணவர் கண்டுபிடித்தால், அவர் கடையில் வாங்கிய அறிக்கையைவிட நூறு மடங்கு கற்றிருப்பார். வங்கித் தேர்வெழுதி வேலைக்குச் செல்பவருக்கு இது வீண் என்று எண்ண வேண்டாம். கிளையில் முதல் நாள் முன்னால் வந்து அமரும் வாடிக்கையாளர் இந்தக் கணக்குகளோடுதான் வருவார்.

இதற்கு உதவ நான் அணியமாக இருக்கிறேன். ஓய்வுபெற்ற வங்கி நண்பர்கள் நால்வரும் உடன் வருவார்கள். வாரத்தில் இரண்டு முற்பகல், ஊதியமின்றி. என் குடும்பத்தின் பழைய ஒற்றிப் பத்திரங்கள் மூன்றைப் பெயர்களை மறைத்து நகலெடுத்து வைத்திருக்கிறேன். வரும் பருவத்தின் முதல் வாரத்தில் அழைக்கும் துறைக்கு அவற்றை நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர்,
தக்கலை