அம்மா குளிக்க மறுத்த காலை

அன்புள்ள அக்கா,

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நீங்கள் பொறுப்பேற்று நடத்தும் முதியோர் இல்லத்தில் என் அம்மா இருக்கிறார். ஆள் பற்றாக்குறையிலும் வேளை தவறாமல் சோறும் மருந்தும் கொடுக்கிறீர்கள். அதில் எனக்கு மனக்குறை இல்லை. குளியலைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

விடியுமுன் எல்லாரையும் வரிசையாக எழுப்பிக் குளிப்பாட்டுகிறார்கள். போன வாரம் அம்மா மாட்டேன் என்றிருக்கிறார். இருவர் பிடித்துக்கொள்ள, ஒருவர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். நான் வந்து பார்த்தபோது இரண்டு மணிக்கட்டிலும் விரல் பதிந்த இடம் கன்றிப்போயிருந்தது. "ரொம்ப அடம்" என்றார் அங்கிருந்த பெண். ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று அம்மாவிடம் ஒருவரும் கேட்கவில்லை.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இருட்டில் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஓடுவார். பாலை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, வெயில் ஏறிய பிறகு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக் குழாயடியில் கைலியை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு குளிப்பார். அப்படிப் பழகியவரின் உடையை முன்பின் தெரியாத கைகள் கழற்றினால் கத்தாமல் என்ன செய்வார்?

மறதி நோய்தானே என்கிறார்கள். இன்று என்ன கிழமை என்று அம்மாவுக்குத் தெரியாதுதான். தண்ணீர் சில்லென்று இருப்பதும் எதிரே நிற்பவர் ஆண் என்பதும் தெரிகிறது. முதியோருக்காக 1991இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற கோட்பாடுகள், இல்லங்களில் இருப்பவர்களின் தன்மானத்தையும் அந்தரங்கத்தையும், தங்கள் பராமரிப்பைத் தாங்களே முடிவு செய்யும் உரிமையையும் மதிக்கச் சொல்கின்றன.

ஒரு நாள் குளிக்காவிட்டால் குடி முழுகிப்போகாது. வயதானவர்களின் வறண்ட தோலுக்குத் தினமும் சோப்பு போட்டால் அரிப்புதான் கூடும். முகம், அக்குள், இடுப்புக்குக் கீழே ஈரத்துணியால் துடைத்தால் போதும். மலம், சிறுநீர் பட்ட துணியோடு விட முடியாது, புண்ணாகிவிடும், ஒப்புக்கொள்கிறேன். அப்போதும் மேலே போர்த்திவிட்டு, "துணி மாற்றட்டுமா அம்மா?" என்று கேட்கலாம். மறுத்தால் சற்று நேரம் கழித்து இன்னொருவர் கேட்டுப் பார்க்கலாம். ஒத்துழைத்துவந்தவர் திடீரென்று மறுத்தால் எங்கேயாவது வலியா, சிறுநீரில் கிருமித் தொற்றா என்றும் பார்க்க வேண்டும்.

அம்மாவின் கோப்பில் எழுதி வையுங்கள்: மத்தியானக் குளியல், வெதுவெதுப்பான தண்ணீர், கைலி கட்டியபடியே, பெண் பணியாளர் மட்டும். மாட்டேன் என்றால் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடுங்கள். வந்து பேசிப் பார்க்கிறேன். இது என் அம்மாவுக்கு மட்டும் கேட்கும் சலுகை அல்ல. பக்கத்துக் கட்டில் பாட்டியைப் பார்க்க யாரும் வருவதில்லை. அவருக்கு எந்த நேரம் தோதுப்படும் என்று அவரிடமே கேட்டு, அவர் கோப்பிலும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் இல்லத்தில் இருக்கும் ஓர் அம்மாவின் மகள்