சன்னல் கல்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள பாஸ்கர்,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டு அவிழ்த்ததும் அவர் முதலில் பார்த்தது என் சட்டைக் காலர் அழுக்கைத்தான்.

சரி, கல் விஷயத்துக்கு வருகிறேன். 1988ல் காலேஜ் டூரில் காஷ்மீர் குர்யுல் ஓடையில் நீ பொறுக்கி, பாரம் என்று என் பையில் தள்ளிவிட்டாயே ஒரு சாம்பல் நிறக் கல், அது இத்தனை வருஷம் பரணில்தான் கிடந்தது. ரிட்டயர் ஆனதும் இறக்கிக் கழுவினேன். வலை மாதிரி படிந்திருந்தது பிரையோசோவா என்ற கடல் உயிரின் புதைபடிவம். பார்க்கப் பாசி, ஆனால் விலங்கு. தனி உயிர் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. கூட்டமாகச் சேர்ந்து சுண்ணாம்பில் வீடு கட்டிக்கொள்ளும். நம் துறைமுகத்தில் படகுகளின் அடியில் வெள்ளைச் சல்லடையாக ஒட்டியிருப்பது இதன் தூரத்துச் சொந்தம்.

உன் கல்லில் இருப்பது ஃபெனஸ்டெல்லா கூட்டத்தைச் சேர்ந்தது. லத்தீனில் அதற்குச் 'சின்னச் சன்னல்' என்று பொருள். கிளைகள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள், நடுவில் சன்னல். உயிர்கள் வாய் வைத்திருந்த துளைகள் ஒரு முகத்தில் மட்டும்தான் இருக்கும், அந்த முகம் பெரும்பாலும் பாறையோடு ஒட்டிக்கொண்டுவிடும். ஆக நாம் அன்று ரசித்ததெல்லாம் அதன் முதுகை! முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கல்லை அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, கார்போரண்டம் என்ற தேய்ப்புப் பொடியில் 0.03 மி.மீ. கனம் வரும்வரை தேய்க்க வேண்டும். முதல் துண்டை கிரிக்கெட் கமெண்ட்ரி கேட்டுக்கொண்டே தேய்த்தேன். கல் முழுக்கத் தேய்ந்து, கண்ணாடித் தகடு மட்டும் மிச்சம்.

இரண்டாவது துண்டு தேறியது. கிளைக்கு இரண்டு வரிசைத் துளைகள், ஃபெனஸ்டெல்லாவுக்கு உரிய கணக்கு. ஆனால் ஒரு மூலையில் மூன்று வரிசை! மூன்றும் அதற்கு மேலும் என்றால் பாலிபோரா என்று வேறு பேரினம். இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. புது இனம், உன் பெயரை வைத்து 'பாஸ்கரி' என்று மனசுக்குள் பெயர்சூட்டு விழாவே நடத்திவிட்டேன். அப்புறம் நிதானமாகப் பார்த்தால், கிளை இரண்டாகப் பிரியப்போகிற இடத்தில் மட்டும்தான் அந்த மூன்றாவது வரிசை. பிரிந்ததும் மறுபடி இரண்டு.

அதோடு விடவில்லை, அளந்தேன். 10 மி.மீ.க்கு எத்தனை கிளை, எத்தனை சன்னல், 5 மி.மீ.க்கு எத்தனை துளை என்று எண்ணுவதுதான் வழக்கம். அடிப்பக்கம் ஒரு கணக்கு, விளிம்பில் வேறொரு கணக்கு. ஒரே லார்வாவில் தொடங்கி மொட்டுவிட்டு வளர்ந்த குடும்பத்துக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம். பண்ருட்டிப் பலாவை வெட்டினால் காம்புப் பக்கத்துச் சுளையும் நடுச்சுளையும் ஒரே அளவிலா இருக்கின்றன? அதுவும் பல பூக்கள் சேர்ந்த ஒரே பழம்தானே. ஓரச்சுளை ஒன்றை மட்டும் கையில் கொடுத்தால் இது வேறு ரகம் என்று நானே சாதித்திருப்பேன். நகத்தளவுத் துண்டை வைத்துச் சூட்டிய பழைய இனப்பெயர்களில் எத்தனை நிற்கும் என்று எனக்குச் சந்தேகம்தான். இந்த ஒரே கல்லில் நான் எடுத்த அளவுகள் அந்தப் பழைய இனங்களில் இரண்டுக்கும் பொருந்துகின்றன. ஆகவே பாஸ்கரி இப்போதைக்கு இல்லை, மன்னித்துவிடு.

ஒரு உதவி வேண்டும். கல் எந்தப் பாறை அடுக்கிலிருந்து வந்தது? அந்த ஓடையில் மேலே ஏறினால் பெர்மியன் என்ற புவியியல் காலம் முடிந்து அடுத்த காலமான டிரையாசிக் தொடங்குகிற எல்லை பாறையில் வரும். சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த எல்லையில் நேர்ந்த பேரழிவில் இந்தச் சன்னல் கூட்டம் ஏறக்குறையப் பூண்டோடு போயிற்று. எல்லைக்கு எவ்வளவு கீழே எடுத்தாய் என்று தெரியாவிட்டால் இது வெறும் அழகான கல்தான். என் நோட்டில் அன்றைய தேதிக்கு நேரே டீ செலவு மட்டும் எழுதியிருக்கிறேன். நீ அடுக்கு அடுக்காகப் படம் போட்டுக்கொண்டிருந்தாய், எனக்கு நினைவிருக்கிறது.

பலா இன்னும் ஒரு மாதம் கிடைக்கும். வரும்போது அந்த நோட்டையும் எடுத்து வா.

அன்புடன்,
குமரன்