பச்சையா இருந்தா அது காடா, சார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல மலைகளைப் பத்தி வந்த கட்டுரை நல்லாவே இருந்துச்சு, ஆனா அதுக்குப் பக்கத்துல போட்டிருந்த படத்தைப் பார்த்துட்டுதான் இத எழுத உட்கார்ந்தேன். சரிவு முழுக்க மஞ்சப் பூ, அடியில 'இயற்கையின் எழில்'னு ஒரு வரி. அது ஸ்காட்ச் புரூம் சார், ஐரோப்பாவுல இருந்து அழகுக்காகக் கொண்டுபோய் ஊர் ஊரா மலையில விட்ட புதர். அந்த இடத்துல முன்னாடி இருந்தது வெறும் புல்லு, அதனாலதான் போனது யார் கண்ணுக்கும் தெரியல.

அந்தப் புதர் என்ன பண்ணும்னா, வெயில் ஏறும்போது காஞ்ச காய் டப்புனு வெடிச்சு விதையைத் தூக்கி எறியும், அந்த விதை மண்ணுக்குள்ள பல பத்து வருஷம் உயிரோட கிடக்கும். இன்னொரு பக்கம் வேர்ல இருக்குற பாக்டீரியா காத்துல உள்ள நைட்ரஜனை இழுத்து மண்ணுல சேர்க்கும். மண்ணுக்கு உரம்தானே, நல்லதுதானேன்னு நமக்குத் தோணும். மலைப்புல்லு சத்து கம்மியான மண்ணுலயே வாழ்ந்து பழகினது, மண்ணு கொழுத்துப்போச்சுன்னா வேகமா வளர்ற வேற களை ஏறி அதை அமுக்கிடும். ஆஸ்திரேலியாவுல இருந்து பட்டைக்கும் விறகுக்கும்னு கொண்டுவந்து மேற்குத் தொடர்ச்சி மலையோட உச்சிப் புல்வெளியில நட்ட சீகை மரம், அதான் வாட்டில், அதுவும் இதே வேலையைத்தான் செய்யுது. அப்புறம் மரத்தை வெட்டிட்டாலும் மண்ணு உடனே பழைய மண்ணா ஆயிடாது.

தண்ணி விஷயம் இதைவிடப் பெருசு. புல்வெளி மழையை வாங்கி வச்சு ஓடையில கொஞ்சம் கொஞ்சமா விடும், அந்த இடத்துல வருஷம் பூரா பச்சையா நிக்குற வாட்டிலும் பைனும் வந்தா அது ஆழமா வேர் விட்டு புல்லைவிட அதிகமா உறிஞ்சும், ஓடை இளைச்சுப் போகும். தென்னாப்பிரிக்காவுல இதப் புரிஞ்சுக்கிட்டு 1995ல அரசாங்கமே ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, வேலை இல்லாதவங்களுக்குக் கூலி கொடுத்து நீர்ப்பிடிப்பு மலைகள்ல இருக்குற வெளிநாட்டு மரத்தை வெட்ட வச்சாங்க. தண்ணிக்காக மரத்தை வெட்டுறதுன்னு சொன்னா என் நண்பர் ஒருத்தர் இன்னும் சண்டைக்கு வருவாரு, மரம் வச்சா மழைன்னு படிச்சு வளர்ந்த ஆளு அவரு.

பசிபிக் கடல்ல இருக்குற தஹிதி தீவுல 1937ல ஒரு தோட்டத்துல அழகுக்காக மிகோனியான்னு ஒரு மத்திய, தென் அமெரிக்க மரத்தை வச்சாங்க. இலை அவ்ளோ பெருசு, அடிப்பக்கம் ஊதா, பார்க்க ஜோரா இருக்கும். பழத்தைப் பறவை தின்னு விதையைப் பரப்பி, தீவுல மூணுல ரெண்டு பங்கு இடத்துக்கு அது போயிடுச்சு. நிழல் அடர்த்தியா விழறதால கீழ எதுவும் முளைக்காது, வேரோ மேலாப்புல ஓடும், அதனால செங்குத்தான சரிவுல பெருமழை வந்தா மண்ணோட சரியுது. சின்கோனா கதை இன்னும் வேடிக்கை. அதோட பட்டையில கிடைக்குற மலேரியா மருந்தான கொய்னாவுக்காக 1940கள்ல பசிபிக் கடல்ல இருக்குற கலாபகஸ் தீவுக்குக் கொண்டுபோனாங்க, அங்க மரமே இல்லாத மேட்டு நிலத்துல பரவி நிழலடிச்சு உள்ளூர்ச் செடிகளை ஒடுக்கிடுச்சு. அதே சின்கோனாவை அதோட சொந்த ஊரான தென் அமெரிக்காவோட ஆண்டிஸ் மலையில பட்டைக்காக உரிச்சே ரொம்பக் குறைச்சுட்டோம். நம்ம இமயமலையில இருந்து 1839ல இங்கிலாந்துக்குப் போன பால்சம் செடியும் அங்க ஆத்தங்கரையெல்லாம் பிடிச்சு, குளிர்காலத்துல செத்து கரையை மொட்டையா விட்டுட்டுப் போகுது. செடி மேல என்ன தப்பு, தூக்கிட்டுப் போனது நாமதான்.

மலை உச்சி குளிரு, அங்கெல்லாம் களை ஏறாதுன்னு ஒரு நம்பிக்கை உண்டு. உண்மையில பெரும்பாலான வெளிச்செடி அடிவாரத்துல வந்து இறங்கி, டயர்லயும் ஷூவுலயும் ரோட்டுக்குப் போட்ட மண்ணுலயும் ஒட்டிக்கிட்டு ரோட்டோரமா மேல ஏறுது, எந்த உயரத்தையும் தாங்குறது மட்டும் மேல வரைக்கும் போகுது. அதனாலதான் இப்போதைக்கு உச்சியில கம்மி. ஆனா மலையில வளர்ந்த செடியையே இன்னொரு மலையில தோட்டத்துக்குன்னு நேரா கொண்டுபோய் வச்சா அதுக்குக் குளிரு என்ன பண்ணும்? போதாக்குறைக்கு வெப்பமும் ஏறுது.

இதுல எனக்குப் பயம் அரைகுறையா புடுங்குறதுதான். ஜேசிபி விட்டு ஒரே நாள்ல சுத்தம் பண்ணி போட்டோ எடுத்துட்டுப் போயிட்டா, கிளறின மண்ணுல தூங்கிட்டிருந்த விதை எல்லாம் எழுந்துக்கும், ரெண்டே மழையில முன்னைவிட அடர்த்தியா நிக்கும். சில எடத்துல வயசான சீகை மர நிழல்லயே அந்த மலைக்கே உரிய சோலைக்காட்டு மரக் கன்னு முளைக்குது, அங்க மொத்தமா வெட்டினா அந்தக் கன்னும் போச்சு. எங்க வெட்டணும், எங்க கொஞ்சம் விடணும்னு அந்தச் சரிவுல நடந்து பார்த்தவங்கதான் சொல்ல முடியும், அதுக்கப்புறமும் வருஷா வருஷம் திரும்பப் போய் புதுசா முளைக்குற களை நாத்தைப் புடுங்கணும். அந்த ரெண்டாவது, மூணாவது வருஷத்துக்குத்தான் யாரும் காசு ஒதுக்க மாட்டாங்க.

உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். அடுத்த தடவை மலைப் படம் போடும்போது அதுல இருக்குறது என்ன செடி, எந்த ஊருச் செடின்னு அடியில ஒரு வரி போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்