ரயிலோடு சேர்த்து நடக்கிற வழியையும் கட்டுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னை மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்ட வேலைக்காக எங்கள் மயிலாப்பூர் லஸ் பக்கம் சாலைகளை மாற்றிவிட்டதில் தினமும் சுற்றித்தான் போகிறோம். அதில் எனக்கு வருத்தமில்லை. மூன்று வழித்தடங்கள், 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய் என்று இவ்வளவு பெரிய வேலை நடக்கும்போது சில வருஷம் தூசியைப் பொறுத்துக்கொள்ளலாம். ரயில் ஓடத் தொடங்கும் நாளில் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் பஸ் பிடிக்கவும் தூண்கள் மேல் ஓடும் பறக்கும் ரயிலுக்கு மாறவும் நடந்து போக ஒழுங்கான வழி இருக்குமா என்பதுதான் என் கவலை.

பறக்கும் ரயிலில் நாம் பட்டது போதாதா? 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை, 1997இல் மயிலாப்பூர், 2004இல் திருவான்மியூர், 2007இல்தான் வேளச்சேரி. நிலம் எடுப்பது சிரமம் என்று பக்கிங்காம் கால்வாயிலேயே தூண்களை நட்டார்கள். கால்வாயும் குறுகியது, பல ஸ்டேஷன்கள் பஸ் போகிற பெரிய சாலையை விட்டுத் தள்ளிக் கால்வாய்க் கரையோரம் போய் உட்கார்ந்தன. அப்புறம் எப்படிக் கூட்டம் வரும்? 2008இல் தொடங்கிய வேளச்சேரி–பரங்கிமலை இணைப்பைப் பாருங்கள், மொத்தமே 5 கிலோமீட்டர்தான், அதில் ஆதம்பாக்கம் பக்கம் அரை கிலோமீட்டர் நிலம் வழக்கில் மாட்டியதால் பத்து வருஷத்துக்கும் மேலாக இழுத்தது.

சரியாகச் செய்யவும் நமக்குத் தெரியும். ஆலந்தூரில் இரண்டு மெட்ரோ தடங்களும் ஒன்றின் மேல் ஒன்றாக வருகின்றன. முழங்கால் வலியுள்ள என் அம்மாவை அழைத்துப் போனபோது ஸ்டேஷனை விட்டு வெளியே வராமலே லிஃப்டில் ஏறி அடுத்த வண்டியைப் பிடித்தோம். அம்மா இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதைவிடப் பெரிய சந்திப்பு மயிலாப்பூரின் திருமயிலை ஸ்டேஷனில் வருகிறது. மாதவரம்–சிறுசேரி தடமும் கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி தடமும் அங்கே பூமிக்கடியில் சேர்கின்றன, மேலே பறக்கும் ரயில். ஆழத்திலிருந்து உயரத்துக்கு ஏற வேண்டிய பயணி, நடுவில் சாலைக்கு வந்து ஆட்டோக்களுக்கிடையே புகுந்து மறுபடி படியேற வேண்டியிருந்தால், பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கபாலீஸ்வரர் கோயில் அறுபத்து மூவர் விழாவன்று மாட வீதிகளில் நிற்கும் கூட்டத்தை நினைத்துப் பார்த்து, வெளியேறும் வழிகளின் அகலத்தை முடிவு செய்யுங்கள். சாதாரண நாள் கணக்கு அங்கே உதவாது.

எல்லாப் போக்குவரத்தையும் ஒரே குடைக்கீழ் கொண்டுவரும் கும்டா என்ற போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010இலேயே சட்டம் வந்துவிட்டது, ஆனால் முதல் கூட்டம் நடந்தது 2022இல். தாமதம்தான், இருந்தாலும் 2025இல் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் தரும் சென்னை ஒன் செயலி வந்ததை மனதார வரவேற்கிறேன். நடைபாதைக்கும் அதே அமைப்பு பொறுப்பேற்க வேண்டும், ஏனென்றால் இப்போது ஸ்டேஷன் வாசல்வரை ஒரு துறை, அதைத் தாண்டினால் மாநகராட்சி, பஸ் நிறுத்தம் இன்னொரு துறை.

ஒவ்வொரு ஸ்டேஷனையும் திறப்பதற்கு ஆறு மாதம் முன்பே, பஸ் எங்கே நிற்கும், எத்தனை மீட்டர் நடக்க வேண்டும், லிஃப்ட் எந்த வாசலில் என்று வரைபடமாக உங்கள் நாளிதழில் வெளியிடச் சொல்லுங்கள். தவறு இருந்தால் அந்தந்தப் பகுதி மக்களே சொல்லிவிடுவோம், காங்கிரீட் போடுவதற்கு முன் திருத்திக்கொள்ளலாம்.

– வாசகர், மந்தைவெளி, சென்னை