விலையோடு அந்த இரண்டு எழுத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பிரேக் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்தும் தகடு) கட்டுரையையும் அதன் விலைப் பட்டியலையும் படித்தேன். தினமும் வேலைக்குப் போய்வரும் காருக்கும் பந்தயக் கார்களுக்கான ரேஸ் பேட் போடலாம் என்று அதில் எழுதியிருந்ததை மட்டும் ஏற்க முடியவில்லை. ரேஸ் பேட் சூடேறினால்தான் ஒழுங்காகப் பிடிக்கும். கோவை கரி மோட்டார் ஸ்பீடுவே பந்தயத் தடத்தில் சுற்றிச் சுற்றி ஓடும் காருக்கு அந்தச் சூடு தானாக வந்துவிடும். காலையில் வண்டியை எடுத்ததும் தெருமுனையில் குறுக்கே ஓடிவரும் பிள்ளைக்காக மிதிக்கிறோமே, அந்த முதல் பிரேக்குக்குச் சூடு எங்கிருந்து வரும்? போதாததற்குக் கிறீச்சென்ற சத்தம், டிஸ்க் தேய்மானம் வேறு.

கடையில் டப்பாவின் படத்தைப் பார்க்காமல் பேடின் விளிம்பையோ முதுகையோ பார்க்கச் சொல்லுங்கள். பல பேட்களில் 'எஃப்எஃப்' (FF), 'ஜிஜி' (GG) என்று இரண்டு ஆங்கில எழுத்து அச்சாகியிருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு என்பதையும், இரண்டாவது கடும் சூட்டில் எவ்வளவு என்பதையும் சொல்லும். 'இ' (E) என்றால் உராய்வுக் கெழு 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' 0.45 முதல் 0.55 வரை. இரண்டாவது எழுத்து முதலாவதைவிடக் குறைந்த அளவைச் சொன்னால், சூட்டில் பிடி தளரும் பேட் என்று யோசிக்கலாம். நம் சின்னக் கார்களுக்கு 'எஃப்எஃப்' தாராளம். எழுத்தே இல்லாத மலிவுப் பேட் பக்கம் நான் போகமாட்டேன். ஆயுளையும் சத்தத்தையும் இந்த எழுத்து சொல்லாது. அதற்கு மெக்கானிக்கைத்தான் கேட்க வேண்டும்.

ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு செராமிக் (பீங்கான் வகைக் கலவை) பேட் நல்லது. சத்தம் குறைவு, வீலில் கருப்புத் தூள் அதிகம் படியாது. எங்களைப் போல அடிக்கடி கொல்லிமலை ஏறி இறங்குபவர்கள் தரமான செமி மெட்டாலிக் (உலோகத் தூள் கலந்த) பேட் போடலாம், அது சூட்டை நன்றாகத் தாங்கும். ஆனால் 70 கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் எந்தப் பேடும் கைவிட்டுவிடும். ஏறின கியரிலேயே இறங்கு, எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும் என்று எங்கள் ஊர் லாரிக்காரர்கள் சொல்வார்கள். இதற்குச் செலவே கிடையாது.

ரேஸ் பேட் வாங்காமல் மிச்சமாகும் பணத்தை, மிதியின் அழுத்தத்தைப் பேடுக்குக் கொண்டுபோகும் பிரேக் ஆயிலில் போடுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 'டாட் 4' (DOT 4) என்ற தர வகையில் புதிய ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த அளவு 155க்கு இறங்கிவிடலாம். மலை இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியானால், ஆவி அமுங்கிவிடுவதால் பிரேக் மிதி தரை வரை போகும். அப்போது பேட் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதால் என்ன பயன்? இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும், சில நூறு ரூபாய்தான்.

அப்புறம் டயர். ஓங்கி மிதிக்கும்போது ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) காலடியில் அதிர்கிறதென்றால் பேடுக்கு வலு போதும், பிடி விட்டது டயரில்தான். அந்த நிலையில் விலை உயர்ந்த பேட் வண்டியை ஓர் அடி முன்னதாகக்கூட நிறுத்தாது.

புதுப் பேட் போட்டதும் பழக்க வேண்டும் என்பதைக் கட்டுரை சொல்லவே இல்லை. ஆளில்லாத சாலையில் அறுபது கிலோமீட்டர் வேகத்திலிருந்து பத்து வரை நிதானமாகக் குறைத்து, முழுதாக நிற்காமல் மறுபடி வேகம் எடுத்து, இப்படிப் பலமுறை செய்ய வேண்டும். பிறகு பிரேக்கை அதிகம் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட வேண்டும். "மாட்டியாச்சு, எடுத்துட்டுப் போங்க" என்று சாவியைக் கையில் கொடுக்கும் பட்டறைகளே அதிகம்.

அடுத்த முறை பட்டியல் வெளியிடும்போது ஒவ்வொரு பேடுக்கும் விலைக்குப் பக்கத்தில் அந்த இரண்டு எழுத்தையும் அச்சிடுங்கள். எழுத்து இல்லாத பேடுக்கு 'இல்லை' என்றே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாமக்கல்