கணக்கு சரி, விளக்கம் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து, காப்புறுதித் துறையில் ஆக்சுவரி (எதிர்கால இடர்களையும் அவற்றின் செலவையும் கணக்கிடும் வல்லுநர்) ஆகும் எண்ணத்தில் பிரிட்டனின் ஆக்சுவரி கழகத் தேர்வுகளை எழுதிவரும் சில பிள்ளைகளுக்கு நான் வார இறுதிகளில் உதவி வருகிறேன். கணக்கில் கெட்டிக்காரர்களான இவர்கள் சிபி2 என்னும் மாதிரியாக்கத் (மாடலிங்) தேர்வில் தடுமாறுவதைப் பார்த்தே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அத்தேர்வின் முதல் தாளில் எக்செல்லில் கணக்கைப் போட்டு முடிப்பதோடு வேலை தீர்ந்துவிடுவதில்லை. தரவை எப்படிச் சரிபார்த்தோம், எந்த அனுமானத்தை ஏன் கொண்டோம், ஒவ்வொரு படியிலும் என்ன செய்தோம் என்பதையெல்லாம், அந்தக் கோப்பை முன்பின் பார்த்திராத சக மாணவர் படித்துச் சரிபார்க்கும்படியும் மூத்த ஆக்சுவரி ஒருவர் நம்பி ஒப்புதல் தரும்படியும் எழுதி வைக்க வேண்டும். 'ஆடிட் டிரெயில்' எனப்படும் இந்தக் குறிப்பை நம் பிள்ளைகள் கடைசி நிமிடங்களுக்குத் தள்ளிவிடுகிறார்கள். அவசரத்தில் "சி நிரலை டி நிரலால் பெருக்கினேன்" என்றுதான் எழுத வருகிறது. அது சூத்திரத்தைப் பார்த்தாலே தெரிவதுதானே! "சம்பளத்தில் தொழிலாளியின் சேமநிதிப் பங்கு 11 விழுக்காடு, விகிதம் 'அனுமானங்கள்' என்ற பக்கத்தில் உள்ளது, மொத்தத்தைத் தனியாகக் கணக்கிட்டு ஒப்பிட்டேன், வேறுபாடு இல்லை" என்று எழுதியிருந்தால் படிப்பவருக்குப் பிடி கிடைக்கும். சூத்திரத்துக்குள் 0.11 என்று புதைத்துவிட்டால், விகிதம் மாறும் நாளில் அதை எங்கே போய்த் தேடுவது? ஆங்கிலத்தில் எழுத வேண்டுமே என்ற தயக்கமும் பலருக்கு உண்டு. ஆனால் அங்கே அலங்கார நடையை யாரும் கேட்பதில்லை. சின்னச் சின்ன வாக்கியங்களே போதும்.

என் தந்தையார் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர். செக்ரோல் என்னும் கூலிப் பதிவேட்டில் ஒருவருக்கு அரை நாள் கூலி பதிவானால், அதற்கான காரணத்தை ஓரத்தில் எழுதி வைப்பார். அவர் விடுப்பில் இருந்த மாதத்திலும், சம்பளநாளில் கேள்வி கேட்டவர்களுக்கு அந்த ஏட்டை வைத்தே மற்றவரால் பதில் சொல்ல முடிந்தது.

அறிஞர்களின் கோப்பும் இதற்கு விலக்கல்ல. அரசுக் கடனைப் பற்றி ரெய்ன்ஹார்ட், ரோகோஃப் ஆகிய பொருளியல் அறிஞர்கள் 2010இல் வெளியிட்ட கட்டுரையின் எக்செல் கோப்பில், சராசரிச் சூத்திரம் 5 நாடுகளை விட்டுவிட்டிருந்தது. அக்கோப்பு தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவரின் கைக்குப் போன பிறகே, 2013இல், அந்தப் பிழை உலகுக்குத் தெரியவந்தது.

ஆகவே, டியூஷன் ஆசிரியர்களுக்கும் கல்லூரி விரிவுரையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பயிற்சித் தேர்வு முடிந்ததும் மாணவர்கள் தங்கள் கோப்புகளை மாற்றிக்கொண்டு, வாய்திறந்து எதையும் கேட்காமல், குறிப்பை மட்டும் வைத்து ஒருவர் கணக்கை மற்றவர் திரும்பப் போடட்டும். எங்கே நின்றுவிடுகிறார்களோ அங்கே ஒரு வரி குறைகிறது. ஒவ்வொரு படி முடிந்த கையோடு அதன் குறிப்பையும் எழுதிவிடும் பழக்கத்தை இந்தப் பயிற்சியே உண்டாக்குவதை என் மாணவர்களிடம் கண்டிருக்கிறேன். தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் இப்படி ஒரு கணக்கையும் அதன் முழுக் குறிப்பையும் வெளியிட இடம் தந்தால், எழுதி அனுப்பக் காத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்