அந்த வெள்ளை மினுக்கம்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு கோல் இல்லாமல் நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதி. பேத்திக்கு ஒரு வயது ஆகப்போகிறதாமே, வாழ்த்துகள். பரிசு பின்னால் வரும். அதற்கு முன் ஒரு கண் டாக்டரின் தொல்லை: அவளுடைய இரண்டு கண்ணிலும் வெளிச்சம் பாய்ச்சினால் திரும்பி வரும் சிவப்பு ஒளி ஒரே மாதிரி தெரிகிறதா என்று பார்த்துவிடு. குழந்தை டாக்டருக்கே சொல்லித் தருகிறாயா என்று முறைக்காதே. சொந்தப் பேத்திக்கு யாரும் கண்ணுக்குள் பார்க்கும் ஆப்தல்மாஸ்கோப் கருவியை எடுப்பதில்லை.

குழந்தை மருத்துவர் சங்கத்தின் பொறுப்பு உன் தலையில் விழுந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதனால்தான் இவ்வளவு நீளக் கடிதம். குழந்தைகளின் விழித்திரையில் வரும் புற்றுநோயான ரெட்டினோபிளாஸ்டோமா பற்றி உங்கள் ஆட்களோடு ஒருநாள் உட்கார்ந்து பேச வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

இது அரிதான நோய்தான். பதினைந்து, இருபதாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வரும். ஒரு குழந்தை டாக்டர் தன் வாழ்நாளில் ஒன்றிரண்டு பார்த்தாலே அதிகம். சிக்கலே அதுதான். எங்களிடம் வரும் அம்மாக்கள் பலர், “ராத்திரி வெளிச்சத்தில் கண் பூனைக்கண் மாதிரி மினுங்கியது, அப்போதே சொன்னேன்” என்கிறார்கள். யாரிடம் சொன்னார்கள் என்று கேட்டால், சளிக்கோ தடுப்பூசிக்கோ போன இடத்தில். போன மாதம் வந்த குழந்தைக்கு மாறுகண். வளர வளரச் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எங்களிடம் வந்தபோது கட்டி கண்ணை நிறைத்திருந்தது. அப்படிச் சொன்னவரைக் குறை சொல்ல மாட்டேன். தினம் இத்தனை குழந்தைகளைப் பார்ப்பவருக்கு இது நினைவுக்கு வரும்படி யாரும் எதுவும் செய்யவில்லை, அவ்வளவுதான்.

2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வை நீ பார்த்திருக்கலாம். 2017-ல் 153 நாடுகளில் நோய் கண்டறியப்பட்ட 4,351 குழந்தைகளைக் கணக்கெடுத்தார்கள். பணக்கார நாடுகளில் கண்டறியும்போது இடைநிலை வயது 14 மாதம். ஏழை நாடுகளில் 30 மாதத்துக்கும் மேல். அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது தெரியுமா? கட்டி கண்ணைத் தாண்டிய நிலையில் வந்த குழந்தைகள் முன்னதில் 1.5 சதவீதம், பின்னதில் 49.1 சதவீதம். கண்ணுக்குள்ளேயே இருக்கும்போது பிடித்தால் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் பிழைக்கிறார்கள். பல நேரம் பார்வையையும் ஓரளவு காப்பாற்ற முடிகிறது. தாண்டிவிட்டால் கதை வேறு.

விழிப்புணர்வு என்றால் ரிப்பன் குத்தி, ஊர்வலம் போய், போட்டோ எடுத்துக்கொள்வது என்று ஆகிவிட்டது. அதில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸில் செய்தது வேறு. 2003-லிருந்து தேசியத் தடுப்பூசி முகாமோடு இந்தச் செய்தியையும் சேர்த்துவிட்டார்கள். குழந்தைகள் எப்படியும் வரும் இடம், எல்லாத் தாய்மாரும் காத்திருக்கும் இடம். அதற்கு முன் 73 சதவீதக் குழந்தைகள் நோய் கண்ணைத் தாண்டிய நிலையில் வந்தார்கள். பிறகு அது 35 ஆனது. சிறிய எண்ணிக்கைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வழி அதுதான் என்று எனக்குப் படுகிறது. கண் டாக்டர்கள் எங்களுக்குள்ளேயே மாநாடு நடத்திப் பயனில்லை. அந்த அம்மா முதலில் வாய் திறப்பது உங்களிடமும், தடுப்பூசி போடும் நர்ஸிடமும்தான்.

கேமரா ஃபிளாஷில் ஒரு கண் சிவப்பாகவும் இன்னொன்று வெள்ளையாகவும் வருவதைப் பெற்றோருக்குச் சொல்லலாம். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் பிரையன் ஷா, தன் மகனுக்கு இந்த நோய் வந்த பிறகு, பழைய படங்களையெல்லாம் தேடி, அதிலிருந்து ஒரு செயலியே உருவாக்கினார். இதுவும் வேறு கண்நோய்களும் உள்ள குழந்தைகளில் 80 சதவீதம் பேருடைய படங்களில், மருத்துவர்கள் கண்டுபிடிப்பதற்குச் சராசரியாக 1.3 வருடம் முன்பே அது வெள்ளையைக் காட்டியது என்று 2019-ல் எழுதினார்கள். ஆனால் இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குழந்தை ஒருபக்கமாகப் பார்த்தால் பார்வை நரம்பின் தலைப்பகுதியில் ஒளி பட்டும் வெள்ளையாக வரும். கண்புரையிலும் வரும். எல்லா வெள்ளையும் புற்றுநோய் இல்லை, ஆனால் எல்லா வெள்ளையையும் பார்த்தாக வேண்டும். அதேபோல் சிவப்பு ஒளி சரியாக இருந்தாலும் ஓரத்துச் சிறு கட்டி தப்பிவிடும். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால், கண்ணின் பாவையை (நடுவிலுள்ள கருந்துளையை) விரித்துத்தான் பார்க்க வேண்டும்.

எனக்கு இதைவிடக் கவலை, பார்த்த பிறகு என்ன என்பதுதான். சந்தேகம் வந்த டாக்டர் யாருக்குப் போன் செய்வார்? பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பின் வழிகாட்டி, சிவப்பு ஒளி இல்லாத குழந்தையை இரண்டு வாரத்துக்குள் கண் நிபுணர் பார்க்கும்படி அனுப்பச் சொல்கிறது. நம் பக்கம் சீட்டு எழுதிக் கொடுத்து, வெளிநோயாளர் வரிசையில் விட்டுவிடுகிறோம். உங்கள் சங்கத்துக்கென்று ஒரு போன் நம்பரை நாங்கள் தருகிறோம். எங்களில் ஒருவர் எடுப்பார், அந்த வாரத்திலேயே பார்ப்போம். அப்புறம் என்ன ஆனது என்று அனுப்பியவருக்குச் சொல்லியும் விடுவோம். அந்தப் பதில் வராததால்தான் பலர் அனுப்பவே சலித்துக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. கண்ணை எடுத்தாக வேண்டும் என்று நாங்கள் சொன்னதும் சில குடும்பங்கள் எழுந்து போய்விடுகின்றன, மாதங்கள் கழித்துத் திரும்புகின்றன. அந்த நேரத்தில் எங்கள் பேச்சு எடுபடுவதில்லை. செயற்கைக் கண்ணோடு பள்ளிக்குப் போகும் பிள்ளையின் அப்பா ஒருவர் வந்து பேசினால் எடுபடுகிறது. குழந்தையைப் பிறந்ததிலிருந்து பார்க்கும் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னாலும் எடுபடும். அதனால் உங்களையும் முதலிலிருந்தே கூடச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். உங்கள் அடுத்த மாதக் கூட்டத்தில் எனக்கு இருபது நிமிடம் கொடு. சாப்பாட்டுக்குப் பிறகு வேண்டாம், பாதிப் பேர் தூங்குவார்கள். தடுப்பூசி போடும் நர்ஸ்களையும் அழைக்க முடியுமா? ஆளுக்கொரு ஆப்தல்மாஸ்கோப் கையில் கொடுத்து, அறையை இருட்டாக்கி, ஒரு கை தூரத்திலிருந்து எப்படிப் பார்ப்பது என்று செய்தே காட்டிவிடலாம்.

வீட்டில் எல்லோரும் சுகம். சின்னவன் வேலை மாற்றிக்கொண்டான், பழைய வேலையே தேவலை என்று இப்போது புலம்புகிறான். உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். கூட்டத் தேதியை முன்கூட்டியே எழுது, அன்று அறுவைப் பட்டியல் போடாமல் பார்த்துக்கொள்கிறேன்.

உன் பழைய அறைத்தோழன்